அப்பா செஞ்ச வைஸ்

"கோளாறு துப்பாக்கியிலதான். என் பொண்ணு குறி தவறவே மாட்டா!" அப்பா வெஸ்லி ரம்பத்தைக் கீழ வெச்சார்.

"எல்லா அப்பனும் இதையேதான் சொல்றான் அண்ணே." டுவைட் சித்தப்பா கத்திரிக்கோலை ஆட்டிக் காட்டினார். "ஏ மார்னி, நீயே முதுகைக் காட்டுறியா, நான் துரத்திப் பிடிக்கணுமா?"

வேட்டைக் குடிலோட சுவர் பூரா சட்டைத் துண்டுங்க. மானைக் குறி தவறவிட்டவங்க சட்டையோட பின்பக்க நுனியை வெட்டி ஆணியடிச்சு வெக்கிறது அங்க வழக்கம்.

பதினஞ்சு வயசு மார்னிக்கு சட்டையைப் பத்திக் கவலையில்ல. துப்பாக்கி சரியா இருக்குன்னு தெரிஞ்சா, நாளைக்கு விடியறதுக்குள்ள திரும்பவும் அவளைத்தான் காட்டுக்கு அனுப்புவாங்க. இன்னைக்குக் காலையில ஒரு பெண் மான் அவளையே பார்த்துச்சு. வேணும்னேதான் குழலை மேல தூக்கிச் சுட்டா. இதை எந்த வாயால அப்பாகிட்ட சொல்றது? கண் ஆபரேஷன் ஆன மனுஷன், "இந்த வருஷம் எங்க வீட்டு வேட்டைக்காரி இவதான்"னு ஊரெல்லாம் பெருமையடிச்சு வெச்சிருக்காரே!

உடைஞ்ச கட்டிலோட ரெண்டு கட்டை, காய் நறுக்குற பழைய பலகை, ரெண்டு கிளாம்ப். துப்பாக்கியை ஆடாம பிடிச்சு வெக்கிற வைஸ் அவ்வளவுதான். துப்பாக்கியில கீறல் விழாம இருக்க, அப்பா தன்னோட கம்பளி சாக்ஸைக் கட்டையில ஒட்டினார்.

"மூணு கால் நாய் மாதிரி நிக்குது," சித்தப்பா சிரிச்சார்.

"வாயை மூடுடா. கடையில இதுக்கு நூறு டாலர் கேக்குறான்."

திறந்த கதவுக்கு நேரா துப்பாக்கியைப் படுக்கவெச்சு இறுக்கினார். கொஞ்சங்கூட ஆடல. குழலைப் பின்னால அடைச்சிருக்குற போல்ட்டை உருவினார். இனி குழல் வழியா அந்தப் பக்கம் தெரியும்.

"எனக்குக் கண்ணு மங்கல். நீ பாருடா. ஓடைக்கு அந்தாண்ட பிர்ச் மரத்துல கறுப்பா ஒரு முடிச்சு இருக்குல்ல? அதைக் குழலுக்கு நடுவுல கொண்டா. அப்புறம் தொடாம, மேல இருக்குற ஸ்கோப்புல பாரு. அதுக்குள்ள தெரியற கூட்டல் குறியும் அதே முடிச்சுல நின்னா, துப்பாக்கி சரி."

சித்தப்பா குனிஞ்சார். குழல்ல பார்த்தார், வைஸை நகர்த்தினார், ஸ்கோப்புல பார்த்தார். மறுபடியும் குழல்.

மார்னி அப்பா பக்கத்துல வந்து நின்னா. இனிமே தாங்காது.

"அப்பா... நான் ஒண்ணு சொல்லணும்..."

"அட சும்மா இரு புள்ள!" சித்தப்பா நிமிர்ந்தார். "நீ சொன்னதுதாண்ணே சரி. வலது பக்கம் அப்படி இழுக்குது! இதை வெச்சு லாரியைக்கூட அடிக்க முடியாது. திருகிச் சரிபண்ணினாலும் நிக்காது. ஸ்கோப்பே போச்சு. சீசன் முடிஞ்சு கடையில குடு. இந்த வருஷம் உன் வீட்டுக் கறிக்கு நான் பொறுப்பு."

"நான்தான் சொன்னேனே!" அப்பா மார்னியை இழுத்துக் கட்டிக்கிட்டார். அவர் தாடி ஈரமா இருந்துச்சு. "என் தங்கம் குறி தவறுவாளா!"

அண்ணனும் தம்பியும் காபி போட அடுப்பங்கரைக்குப் போனாங்க.

மார்னிக்குக் குழப்பம். அவ தூக்கினது மேல. இது எப்படி வலது பக்கம் இழுக்கும்?

மெதுவா வைஸ்கிட்ட போய்க் குனிஞ்சா. குழலுக்கு நட்டநடுவுல கறுப்பு முடிச்சு.

"ஏ குருட்டு வேட்டைக்காரி, காபி ஆறுது!" உள்ளேர்ந்து சித்தப்பா கத்தினார்.

அவ ஸ்கோப்புல கண்ணை வெச்சா. கூட்டல் குறி, அதே முடிச்சு மேல, மயிரிழைகூட விலகாம நின்னுச்சு.