பொருள் எண் நான்கு

"தட்டு ரெண்டு, டம்ளர் ரெண்டு. சீப்பு மட்டும் ஒண்ணே ஒண்ணு" என்று வாசித்துவிட்டு வேதசிரோமணி சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

1974-ல் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கிழக்குத் தாம்பரத்தில் சபைக் கமிட்டி கூடியிருந்தது. உபதேசியார் ஜெபராஜின் சிட்லபாக்கம் வீட்டுக்கு, ஜெபம் பண்ண வந்ததாகச் சொல்லிப் போய், செயலாளர் வேதசிரோமணி எடுத்து வந்த பட்டியல்தான் அது.

அடுத்த மாதம் ஜெபராஜுக்கு ஆயர் பட்டம். பத்து வயதிலிருந்து அவருக்கு இருந்த ஒரே ஆசை. ஆனால் முப்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அசரியா என்ற சிநேகிதரோடு ஏழு வருடமாக ஒரே வீட்டில் வாசம். அந்த நேரம் பார்த்து, வெளிநாட்டில் ஏதோ ஒரு சபை 'அப்படிப்பட்ட' ஒருவருக்குப் பட்டம் கொடுத்துவிட்டதாகப் பத்திரிகையில் செய்தி வந்து தொலைத்தது.

எப்படிப்பட்ட என்று வாய்விட்டுச் சொல்லக் கமிட்டியில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. மினிட்ஸ் புத்தகத்தில் 'பொருள் எண் நான்கு: அது' என்றுதான் எழுதியிருந்தார்கள். அதை எதிர்த்து ஒன்றரை மணி நேரம் பேசினார்கள்.

"பவுல் அப்போஸ்தலரும் கல்யாணம் பண்ணிக்கலையே சார்" என்றார் உறுப்பினர் சாலமோன்.

"பண்ணிக்கல. ஆனா அவர் சிட்லபாக்கத்துல இன்னொருத்தரோட வீடு எடுத்துத் தங்கலையே" என்றார் வேதசிரோமணி.

மாதர் சங்கத் தலைவி ரத்தினபாய் அம்மாள்தான் வழி கண்டுபிடித்தார்.

"எதுக்கு இவ்ளோ பேஜாரு? ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சிட்டா பொருள் நாலு தானா முடிஞ்சிடும். நம்ம பியூலா டீச்சர் இருக்கா, தங்கமான பொண்ணு. ராஜகீழ்ப்பாக்கத்துல ஜெயசீலி டீச்சரோட பதினோரு வருஷமா ஒரே ரூம். ஒரு ஆம்பளையை ஏறெடுத்துப் பார்த்ததில்ல."

"இதைவிட என்ன சர்ட்டிபிகேட் வேணும்?" என்று வேதசிரோமணி உருகிப்போனார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கல்யாணத்துக்குச் சம்மதித்தால் பட்டம், இல்லாவிட்டால் இல்லை.

அடுத்த ஞாயிறு ஜெபராஜையும் பியூலா டீச்சரையும் கோயில் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இருபதடி தள்ளி, ரத்தினபாய் அம்மாள் பாட்டுப் புத்தகங்களை அடுக்குவது போல அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஜெபராஜுக்கு ஒரு வாரமாக இதே யோசனை. பட்டம் வேண்டும்தான். அதற்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்க அந்த மனுஷனுக்கு மனசு வரவில்லை. பொய்யாகத் தாலி கட்டிய கையால் எப்படித் திருவிருந்து கொடுப்பது?

"டீச்சர், கமிட்டியில சந்தேகப்பட்டது நிஜம்தான்" என்றார். "அசரியா இல்லாம என்னால இருக்க முடியாது. பட்டம் போனாலும் பரவாயில்ல, உங்களை ஏமாத்த மாட்டேன். என்னைப் பிடிக்கலன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருடப் படிப்பும் ஆசையும் ஒரு நிமிடத்தில் போயிற்று என்று நினைக்கையில் கண் கலங்கியது.

பியூலா டீச்சர் பெஞ்சில் அவர் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு ரத்தினபாய் அம்மாளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அப்ப உங்க அசரியாவுக்கு என் ஜெயசீலியைப் பேசி முடிங்க, நாலு பேரும் ஒரே வீட்ல இருந்துடலாம்."