சத்தம் அப்புறம்

"இந்தப் பசங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் மண்டையில ஏறாதும்மா. நான் என்னதான் பண்ணட்டும்?"

ஹெச்.எம். ரூம்ல உக்காந்து வயலின் சார் அலுத்துக்கிட்டார். இப்பவே சொல்லி வச்சாத்தானே, சொதப்பினா பழி பசங்க தலையில விழும்!

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? வீடியோவுல பிரமாதமா வாசிச்சாங்களே!"

"அது... வீடியோம்மா."

விஷயம் இதுதான். சாருக்கு வாரத்துல பாதி நாள் கச்சேரி, மீதி நாள் காசுள்ள வீட்டுப் பிள்ளைங்களுக்கு கிளாஸ். நடுவுல இந்த ஸ்கூல்ல இலவச வகுப்பு. புத்தம் புது வயலினெல்லாம் வாங்கிக் குடுத்திருக்கார். 'சின்ன விரல், பெரிய இசை'ன்னு அவர் போட்ட வீடியோ பிச்சுக்கிட்டுப் போச்சு. பாத்தவங்க எல்லாம் கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. இப்போ ஒரு பெரிய சேவை விருதுக்கு அவர் பேர் போயிருக்கு. கிடைச்சா வெளிநாட்டு டூர் நிச்சயம். புதுப் பெட்டிகூட வாங்கியாச்சு!

ஒரே ஒரு இக்கட்டு. விருதுக் கமிட்டி நடுவர் 'நேர்ல கேக்கணும்'னு கிளம்பி வந்துட்டார். பழைய வயலின் கலைஞர். சிரிப்புக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

ஹால்ல பசங்க வரிசையா நின்னாங்க. தாடையை வச்ச அழகென்ன, வில்லைப் பிடிச்ச நேர்த்தியென்ன! நடுவரே அசந்துட்டார்.

"ம். ஆரம்பிங்க."

எல்லா வில்லும் ஒண்ணா ஏறுச்சு, ஒண்ணா இறங்குச்சு. பசங்க முகத்துல அப்படியொரு சிரிப்பு.

சத்தம்? மூச்! ஃபேன் சுத்தறதுதான் கேட்டுது.

"ப...பயந்துட்டாங்கண்ணே" சாருக்கு வேர்த்துக் கொட்டுச்சு. முன்னாடி நின்ன ரெட்டை சடைக்காரிகிட்ட, "நல்லா அழுத்தி இழும்மா கண்ணு!"

அவளும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தா. 'உஸ்ஸ்'னு ஒரு காத்து வந்துது. அவ்வளவுதான்.

நடுவர் அந்த வில்லை வாங்கி விரலால தடவிப் பாத்தார். வழுவழுன்னு இருந்துது.

"என்னய்யா இது? இதுல ரோசின் பிசினே தேய்க்கலையே! அது தேய்க்காம எந்த வில்லு பேசும்? முதல் நாளே சொல்லிக் குடுக்கறதாச்சே! இத்தனை மாசமா இங்க என்னதான் நடந்துது?"

"தாத்தா, எங்க சாரைத் திட்டாதீங்க" ரெட்டை சடை பாய்ஞ்சு வந்தா. "சத்தம் அவர் அப்புறமா சேத்துப்பார்."

"சேத்துப்பாரா?"

"ஆமா! நாங்க சும்மா வில்லை ஆட்டினா போதும். சார் வீட்டுக்குப் போய் அவர் வாசிச்சதை மேல போட்டுடுவார். அப்புறம் வயலினை பீரோல வச்சுப் பூட்டிடுவாங்க."

சாருக்குக் கண்ணு முன்னாடி அந்தப் புதுப் பெட்டி வந்து வந்து போச்சு.

"அண்ணே, கச்சேரிக்கு நடுவுல நேரமே..."

"பேசாதய்யா! பிள்ளைங்க கையில வயலினைக் குடுத்து ஊமையா நிக்க வச்சிருக்கியே, வெக்கமா இல்ல?"

போச்சு. எல்லாம் போச்சு!

அப்போ ஹெச்.எம். வேகமா ஓடி வந்தாங்க. "சார், விருதை அறிவிக்கப் போறீங்கன்னு பத்திரிகைக்காரங்க வந்துட்டாங்க. வாசல்ல நிக்கறாங்க."

நடுவர் ஒரு நிமிஷம் வாசலைப் பாத்தார். பசங்களைப் பாத்தார்.

"வீடியோவா, போட்டோவா?"

"போட்டோதான் சார்."

"அப்ப சரி."

பாக்கெட்லேர்ந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கிட்டார். ஒரு பையன் கையிலேர்ந்து வயலினை வாங்கித் தாடையில வச்சுக்கிட்டு, பசங்க நடுவுல போய் நின்னார்.

"என்னய்யா முழிக்கறே? விருது வாங்கப் போறவன் பக்கத்துல நிக்க வேணாமா? வா!"

ரெட்டை சடை அவர் சட்டையைப் பிடிச்சு இழுத்தா.

"தாத்தா, வயலினைப் பாக்காதீங்க. கேமராவைப் பாருங்க. அதான் முதல் பாடம்!"