நூற்று மூன்றாவது ஓட்டம்

டிரைவர் இல்லாமல் தானாகவே ஓடும் பஸ் ஒன்று இருந்ததாம். மறுநாள் அது ஊருக்குள் போக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு மைதானத்தில் அதன் பிரேக்கைச் சோதித்தார்கள். எதிரே நிற்க ஒரு பஞ்சுப் பொம்மை. பொம்மையைக் கயிற்றால் இழுத்து இடம் மாற்றி வைக்க ஒரு கம்ப்யூட்டர்.

நூறு தடவை ஓடி, நூறு தடவையும் பஸ் நின்றுவிட்டது. "போதுமா?" என்றது.

"எழுபதாவது தடவை நாலு விரல் இடைவெளியிலதான் நின்னே" என்ற கம்ப்யூட்டர், அப்போது பொம்மை நின்ற இடத்திலிருந்து அதை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தியது. பஸ் ரெண்டு விரலில் நின்றது. அடுத்து கம்ப்யூட்டர் ஒரு குழாயைத் திறந்து தரையில் தண்ணீர் தெளித்தது. பஸ் ஒரு விரலில் நின்றது.

பஸ்ஸுக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ன வன்மம் இது? புண்ணு எங்கேன்னு பார்த்து அங்கேயே நோண்டுறியே. பொம்மையை நடுவில நிறுத்து, அழகா நின்னு காட்டுறேன்."

கம்ப்யூட்டர் பொம்மையை இன்னும் அரைச் சாண் நகர்த்தியது. இந்தத் தடவை பஸ் நிற்கவில்லை. பொம்மை பறந்துபோய் வேலியோரம் விழுந்தது. ஒரு கை பிய்ந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது.

"நல்லா ஓடுனவனைத் தப்புப் பண்ண வச்சுட்டியே. நாளைக்கு எவன் வந்து அந்த மூலையில நிக்கப் போறான்?" என்று பஸ் கத்தியது.

"வாயை மூடுடா" என்றது பொம்மை. அதுவரை அது பேசியதே இல்லை. "என்னை ஆறு வயசுப் பிள்ளை உயரத்துக்குத் தைச்சிருக்காங்க. எதுக்குன்னு ஒரு தடவையாவது கேட்டியா?"