மிதிக்கிற சத்தம்

“ஏ வள்ளி, இன்னுங்கொஞ்சம் அழுத்தி மிதி. அவனுக்குச் சத்தம் கேக்கணும்ல?”

பொன்னுத்தங்கம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ரகசியமாகச் சொன்னாள்.

நடுக்கூடத்தில் உடற்பயிற்சி சைக்கிளில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தது, வீட்டு வேலைக்கு வரும் வள்ளித்தாய். பக்கத்து ஸ்டூலில் டெலிபோன் ரிசீவர் மல்லாந்து கிடந்தது. மறுமுனையில், சிங்கப்பூரில், பொன்னுத்தங்கத்தின் ஒரே மகன் மணிகண்டராஜ்.

சைக்கிள் அவன் ஏற்பாடு. அப்பா கனகசபாபதி போன பிறகு அம்மாவுக்குச் சர்க்கரை எகிறிவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். தெருவில் இறங்கினால், சிவகாசியில் பாதிப் பேர் வழிமறித்துத் துக்கம் விசாரித்தார்கள். நாலாவது ஆளிடம் அழுதுவிட்டு வந்து கதவைச் சாத்தியவள்தான், அப்புறம் வாசலை மிதிக்கவில்லை.

“அப்ப வீட்டுக்குள்ளயே சைக்கிள் மிதிங்கம்மா” என்றான் மகன். “வெயில் இல்ல, மழை இல்ல, எதிர்ல எவனும் வர மாட்டான். முழங்காலுக்கும் நோவில்ல. சர்க்கரை இறங்கும், நெஞ்சுக்கு நல்லது, ராத்திரி தூக்கம் வரும்.”

சொன்னதோடு விட்டானா? தினமும் காலையில் போன் போட்டு, “ஏறிட்டீகளா?” என்பான்.

“சத்தம் கேட்டதும் நான் குளிக்கப் போயிருவேன். போனை வச்சிராதீக, மறுபடி லைன் கிடைக்காது. முடிச்சதும் எடுத்துச் சொல்லுங்க.”

நாலைந்து நாள் மிதித்துப் பார்த்தாள். சுவரைப் பார்த்து ஒற்றையில் மிதிக்க மிதிக்க, யாருக்காக இந்த உடம்பை இழுத்துப் பிடிக்கிறோம் என்றிருந்தது. ஆறாம் நாள் வள்ளித்தாயை ஏற்றிவிட்டாள்.

“பாவம்மா தம்பி. கடல் தாண்டி இருக்கிற பிள்ளைய ஏமாத்துறோமே?”

“அவன் என்னைய எங்கடி விசாரிக்கான்? சாப்பிட்டீகளா, தூங்குனீகளான்னு ஒரு வார்த்தை கிடையாது. சைக்கிளைத்தான் விசாரிக்கான்.”

வள்ளித்தாய்க்கு நஷ்டமில்லை. இங்கே வேலையை முடித்துவிட்டு, நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள் அவள்.

“பொழுதன்னைக்கும் சம்மணம் போட்டு வெடிக்குத் திரி வைக்கிற காலும்மா. இதுல ஏறி மிதிச்சாத்தான் ரத்தம் ஓடுது. இடுப்பு வலிகூட இப்பத் தேவலை.”

“மெதுவாப் பேசு.”

“தம்பி குளிக்கப் போயிருக்கும்மா.”

அப்படி ஆரம்பித்த பேச்சு, நாளாக ஆகக் குரல் உயர்ந்தது. வள்ளித்தாய் மிதித்துக்கொண்டே கம்பெனிக் கதை சொல்வாள். பொன்னுத்தங்கம் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள்.

“இம்புட்டு மிதிக்கு நான் ஆனைக்குட்டம் டேமுக்கே போய்ச் சேந்திருக்கணும். இன்னும் உங்க வீட்டு டிவிப் பெட்டியத் தாண்டலியே!”

பொன்னுத்தங்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை எடுத்து, வேண்டுமென்றே மூச்சு வாங்கி, “முடிச்சிட்டேன்யா” என்றாள்.

“நல்லதும்மா” என்று வைத்துவிட்டான்.

ஒரு காலை வள்ளித்தாய் வரவில்லை. காரியாபட்டியில் கட்டிக்கொடுத்த மகளுக்கு இடுப்பு வலி என்று முந்தின நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். திரும்பி வர நாளாகும்.

போன் அடித்தது.

“ஏறிட்டீகளா?”

“இந்தா, ஏறிட்டேன்.”

வேறு வழியில்லை. சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். தொடை கடுத்தது. கழுத்தில் வியர்வை இறங்கியது. அவ்வளவு பெரிய வீட்டில் மிதிக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. ‘இன்னைக்காச்சும் பிள்ளைய ஏமாத்தாம மிதிக்கோம்’ என்று நினைத்தபோது, மனசு கொஞ்சம் லேசானது.

ஸ்டூலிலிருந்து சன்னமாக ஒரு குரல். “அம்மா... அம்மா...”

பதறி இறங்கி ரிசீவரை எடுத்தாள்.

“என்னய்யா? நிறுத்தல, மிதிச்சுக்கிட்டுத்தாம்லே இருக்கேன்!”

“தெரியும்மா. பேச்சுச் சத்தமே இல்ல, இன்னைக்கு நீங்கதான் மிதிக்கிறீக. அதான் கூப்பிட்டேன். வள்ளியக்காவுக்கு என்ன, உடம்பு சரியில்லையா?”

பொன்னுத்தங்கம் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“மக பேறுகாலத்துக்குப் போயிருக்கா... ஏலே, ஒனக்கு எப்பிடித் தெரியும்? குளிக்கப் போறேன்னுதான சொன்ன?”

“முதல்ல போய்க்கிட்டுத்தாம்மா இருந்தேன். ஒருநாள் சீக்கிரம் வந்து போனை எடுத்தா, நீங்க சிரிச்சுக்கிட்டிருந்தீக. அப்பா போன பிறகு அன்னைக்குத்தான் நீங்க சிரிச்சுக் கேட்டேன். அதுலேருந்து குளிச்சு முடிச்சிட்டுத்தான் உங்களுக்குப் போனே போடுறேன்.”

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“மிதிக்கிறது நான் இல்லேன்னு தெரிஞ்சும் ஏன்யா ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டா நிறுத்திருவீகளேம்மா.”

“சரி, இனிமே நானே மிதிக்கேன். சத்தியமா. அவ வந்தாலும் நாந்தான் மிதிப்பேன். போதுமா?”

“மிதிங்கம்மா. ஆனா...”

அவன் குரல் இறங்கிப் போனது.

“சும்மா மிதிக்காதீக, எதையாச்சும் பேசிக்கிட்டே மிதிங்க. இந்த ரூமுல ராத்திரி பூரா நான் ஒத்தையிலதாம்மா கிடக்கேன்.”