ஆடு மேய ஓர் ஊர்

"அவரைக் கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க. இப்பதான் எல்லாம் கண் அசந்திருக்குங்க."

மனைவி அடிக்குரலில் சொன்னதும் டிரைவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"சும்மா இரு. காதுல விழுந்துடப் போகுது."

கூடத்தில் விரித்த பாயில் குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவளுடைய தொழில்.

சுவரோரமாக உட்கார்ந்திருந்தவர் டிரைவரின் பால்ய சிநேகிதர். கால் ஓரிடத்தில் தரிக்காமல் நாடு நாடாகப் போகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'ஊர்சுத்தி'தான். இவர்கள் குடியிருக்கும் வீடும் அவருடையதே. ஆனால் ஒரு நாளாவது வீட்டுக்காரன் தோரணையில் பேசியிருப்பானா? "உன் வீடு என்னடா, என் வீடு என்னடா" என்று சொல்லித்தானே சாவியைக் கையில் கொடுத்தான்!

இந்தத் தடவை ஸ்காட்லாந்து போய்விட்டு நேராக இங்கே வந்திருந்தார்.

"அங்க போய் ஒருத்தனை, 'நீ இங்கிலீஷ்காரனா'ன்னு கேட்டுப் பாரு. தொலைஞ்சே! ரெண்டு நாட்டுக்கும் ஒரே ராஜாதான். ஆனா ஒரே வீட்டு ஓரகத்திங்க மாதிரி. அடுப்பு ஒண்ணு, மனசு ரெண்டு."

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஆம்பளைங்க பாவாடை கட்டுவாங்களாமே?"

"பாவாடைன்னு சொல்லித் தொலைக்காதே. அந்தக் கட்டம் போட்ட துணி அவங்களுக்கு மானம். ஒரு போர்ல தோத்ததும், மலைப்பக்கத்து ஆம்பளைங்க யாரும் அதைக் கட்டக் கூடாதுன்னு லண்டன்லேர்ந்து சட்டம் போட்டுட்டாங்க. மீறிக் கட்டினா ஜெயில்!"

அந்த 'ஜெயில்' போட்ட சத்தத்தில் ஒரு குழந்தை வீறிட்டு எழுந்தது. மனைவி அதை வாரித் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

டிரைவர் பின்னாலேயே போனார்.

"வந்த மனுஷனுக்குச் சிரிச்ச முகம் காட்டத் தெரியாதா உனக்கு?"

"எப்படிங்க சிரிப்பு வரும்? வந்ததிலேர்ந்து சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். மாடிக்குப் போய் எட்டிப் பார்க்கிறார். எனக்கு என்னமோ சரியாப் படலை."

"அவன் வீடு, அவன் தட்டுறான்."

"இந்த இடம் போச்சுன்னா இத்தனை குழந்தைங்களையும் நான் எங்கே கொண்டு போய் வெச்சுப்பேன்? பச்சைப் பிள்ளைங்க அழுகைக்கு எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்?"

"அவனைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை பேசினே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோளில் இருந்த குழந்தையைத் தட்டும் கை மட்டும் நிற்கவில்லை.

இருவரும் கூடத்துக்கு வந்தபோது ஊர்சுத்தியின் முகம் மாறியிருந்தது.

"தங்கச்சி, நீயும் கேளும்மா. ஒரு பள்ளத்தாக்குக்குப் போயிருந்தேன். பச்சைப்பசேல்னு புல்லு. நடுவுல குட்டிச்சுவரா நிக்குது வீடுங்க. ஒரு காலத்துல ஊர் நிறைய ஜனம். ஆட்டு ரோமத்துக்கு விலை ஏறினதும், மனுஷன் குடியிருக்கிறதை விட ஆடு மேயறதுதான் லாபம்னு ஆகிப்போச்சு. ஊரையே காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மாட்டேன்னு நின்னவங்க கூரையில தீ வெச்சாங்க. கைக்குழந்தையும் கிழவனுமா கப்பல் ஏறிக் கண்காணாத தேசத்துக்குப் போச்சு ஜனம்."

அவள் தோளில் இருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "அடப்பாவமே! யாருண்ணே அப்படிச் செஞ்சது? லண்டன்காரங்களா?"

"அதாம்மா கொடுமை. அவங்க குலத்துத் தலைவனுங்களே செஞ்சாங்க. குலம்ங்கிறதுக்கு அவங்க பாஷையில 'பிள்ளைங்க'ன்னு அர்த்தம். அப்பனா நினைச்சு அவனுக்காக உயிரைக் கொடுத்த ஜனத்தை..."

ஊர்சுத்தியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் வந்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

டிரைவர் நண்பரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். 'பார்த்தாயா, இவனைப் போயா சந்தேகப்பட்டாய்?' என்பது போல மனைவியைப் பார்த்தார்.

அவளுக்குக் கூசிப் போயிற்று. குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, உள்ளே போய்ப் பால் கூட்டி டீ போட்டுக் கொண்டுவந்தாள். வந்த விருந்தாளிக்கு எதிரே முதல் முறையாக உட்கார்ந்தாள். காலையிலிருந்து இறுகிக் கிடந்த அவள் முகம் தெளிந்திருந்தது.

"அழாதீங்கண்ணே. அந்த ஊரு இன்னும் அப்படியேதான் கிடக்கா?"

"சில வீட்டை மட்டும் எடுத்துக் கட்டிட்டாங்கம்மா. சுற்றுலா வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விடறாங்க. நானும் அதுல ஒண்ணுலதான் தங்கினேன். என்ன அமைதி! ஒரு சத்தம் கிடையாது. அங்க படுத்திருந்தப்பதான் எனக்கு அந்த யோசனையே வந்துச்சு."

"என்ன யோசனைடா?" என்றார் டிரைவர்.

"இந்த வீட்டையும் அதே மாதிரி ஆக்கிடலாம்னுதான். சுவரெல்லாம் உறுதியாத்தான் இருக்கு. அடுத்த மாசம் கொத்தனார் வர்றார்."

பாயில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த அவளுடைய கை அப்படியே நின்றுவிட்டது. டிரைவர் நண்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர்சுத்தி ஈரக் கண்ணை இன்னொரு தடவை ஒற்றிக்கொண்டு, டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"அதுக்குள்ள நீங்க வேற இடம் பார்த்துக்குங்க, தங்கச்சி. தரகரை அனுப்பிச் சொல்லிடலாம்னுதான் எல்லாரும் சொன்னாங்க. என்ன பண்றது, எனக்கு இளகின மனசாச்சே, முடியலை!"