பட்டனை மறைத்த ஆள்

உச்சிப்புளி இ-சேவை மையத்தில், மீனவர் அட்டைக்கான இணையதளத்தைச் சூஃபியா மூன்றாவது முறையாகத் திறந்தாள். எதிரே இமானுவேல், முகத்தில் பாதி மறையத் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பல்வலியாண்ணே?"

"ம்... இன்னைக்காவது பதிஞ்சிருமா தங்கச்சி? பதிஞ்ச சீட்டக் காட்டாமக் கடலுக்கு விட மாட்டேங்குறாக. நாலு நாளா வள்ளம் கரையிலயே கெடக்கு."

"பழைய தளத்துல விண்ணப்பிக்கிற பட்டன் முதல்லயே இருக்கும்ண்ணே. அழகு பண்றோம்னு போன மாசம் மாத்துனாக. இப்பப் பக்கம் பூரா ஒரு மீனவரு பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு. பட்டன் அவரு கைலிக்குப் பின்னால மாட்டிக்கிருச்சு."

"அவரு என்ன செய்வாரு, பாவம்."

"பாவமா? காலையிலருந்து வந்தவுக எல்லாம் அவரத்தான் திட்டிட்டுப் போறாக. நான் திட்டுனது தனி."

திரையைச் சுருக்கி, விரித்து, கைலி ஓரத்தில் நூலளவு தெரிந்த பட்டனை ஒருவழியாக அழுத்தினாள். அந்தப் பல்வரிசைக்குக் கீழே விண்ணப்பம் திறந்தது. முதலில் புகைப்படம் கேட்டது.

"துண்ட அவுங்கண்ணே, போட்டோ எடுக்கணும்."

இமானுவேல் வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. மெல்ல அவிழ்த்தார்.

சூஃபியா அவரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள்.

"யா அல்லாஹ், நீங்கதானா அது! அட்டையே இல்லாம எதுக்குண்ணே அம்புட்டுச் சிரிப்பு?"

"இனிமே ஒரே நிமிஷத்துல அட்டை வந்துரும்னு படம் எடுத்தவுக சொன்னாக தங்கச்சி. அதக் கேட்டுத்தான் சிரிச்சேன்."