முதல் வெட்டு

குலதெய்வத்தின் மேல் ஆணை. இதில் ஒரு சொல்லும் கூட்டியதில்லை. குறைத்தது உண்டு, நம்பமாட்டீர்கள் என்பதால்.

அவளுடைய கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது.

தொலைக்காட்சியில் இரண்டு வீரர்கள் வாளை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்தபடி நின்றார்கள். நீல அங்கிக்காரன் அவளுடைய ஆள். கறுப்பு அங்கிக்காரன் அவள் வீட்டுக்காரருடைய ஆள்.

சோபாவின் இந்த முனையில் அவள். அந்த முனையில் அவர். நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம்.

இரண்டாவது நாள்.

விளையாட்டுப் பெட்டி மகள் சங்கவியுடையது. யாரைக் கட்டக்கூடாது என்றார்களோ அவனையே கட்டிக்கொண்டு இரண்டு வருடத்துக்கு முன் அவள் போனபோது, விட்டுப்போனது. தூசி தட்டப்போன அவர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம், இரண்டு பேருக்கும்.

சூட்சுமம் ஒன்றுதான். எதிராளியின் தோள் அசைய வேண்டும். அசைந்த பிறகு, வாள் இறங்குமுன், அரை இமை நேரத்தில் தடுப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். வந்த வாள் தெறிக்கும். வந்தவன் வயிறு திறந்து நிற்பான். அப்புறம் ஒரே வெட்டு.

முந்தி அழுத்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு.

அவர்கள் முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. முப்பத்தோரு வருடம் ஒரே வீட்டில் குப்பை கொட்டியவர்கள். தோள் அசைந்தாலே அடுத்து என்ன வரும் என்று தெரியும்.

ஆகவே முதலில் வெட்டுகிறவர் தோற்பார். எப்போதும்.

ஆகவே யாரும் வெட்டுவதில்லை.

திங்கட்கிழமை கீழ்வீட்டு லீலா படியேறி வந்து சொல்லிவிட்டுப் போனாள். “பேத்தி பொறந்திருக்காம்ல? வெள்ளிக்கிழமை தொட்டில்ல போடுறாங்களாம். என்னக்கா, உங்களுக்கே தெரியாதா?”

கதவைச் சாத்தியதும் அவள் சொன்னாள். “போன் பண்ணுங்க.”

“நான் எதுக்குப் பண்ணணும்? இனிமே இந்தப் படியை மிதிக்காதேன்னு வாசல்ல நின்னு சொன்னது நீ.”

“சொல்லச் சொல்லி உள்ள உக்காந்திருந்தது யாரு?”

அவர் ரிமோட்டைத் தேடினார்.

“ஆட்டத்துல தோத்தவங்க பண்ணணும்,” என்றார்.

“சரி.”

தாய்வீட்டுப் பழஞ்சேலையில்தான் முதல் தொட்டில் கட்டுவது வழக்கம். கிளிப்பச்சைச் சுங்குடி ஒன்றை அவள் ஆறு மாதத்துக்கு முன்பே துவைத்து, துவைத்து, பூப்போல் ஆக்கி, பீரோவில் ஒளித்திருந்தாள். ஆறு மாதத்துக்கு முன்பே எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. தெரியும்.

செவ்வாய் போயிற்று. தடுப்புப் பொத்தான் மேலிருந்து இருவரும் விரலை எடுக்கவில்லை.

ஒற்றைக் கையால் ரசம் வைத்தாள். புளியை முழங்கையால் கரைத்தாள். அவர் ஒற்றைக் கையால் சவரம் செய்து, ஒரு பக்கத்து மீசையை இழந்தார். தூக்கம் கண்ணைத் திறந்துகொண்டேதான். அவருக்கு ஒரு தும்மல் வந்தது. புதன் காலை வரை அடக்கி வைத்திருந்து, பொத்தானைக் கால் கட்டைவிரலுக்கு மாற்றிக்கொண்டு தும்மினார்.

திரையிலும் நாட்கள் போயின. வீரர்களின் காலடியில் புல் முளைத்தது. வாள்களில் துரு. புதன் மதியம் ஒரு காகம் வந்து கறுப்பு அங்கிக்காரனின் தலைக்கவசத்தில் உட்கார்ந்து, இங்குமங்கும் பார்த்துவிட்டுச் சுள்ளி கொண்டுவரப் போனது. வியாழன் அதில் மூன்று முட்டை.

விளையாட்டைச் செய்தவர்கள் வைத்த காகமா, தானாக வந்ததா, தெரியாது.

வெள்ளி விடிந்தது.

அவளுக்கு அலுத்துவிட்டது. விரல் மட்டுமல்ல. தோள், கழுத்து, தினமும் விழித்ததும் நினைவுக்கு வருகிற அந்த வாசற்படி, எல்லாம்.

தோற்றுவிடலாம் என்று நினைத்தாள்.

நினைத்ததும் உடம்பு லேசாயிற்று. தோற்றவள் பேசினால் அது இறங்கிப்போனதாகாதே. ஆட்டத்தின் விதி அல்லவா.

தடுப்பை விட்டு, வெட்டுப் பொத்தானை அழுத்தினாள். நீல அங்கிக்காரன் வாளை ஓங்கினான். பச்சைக்குழந்தைகூடத் தடுத்துவிடும், அவ்வளவு நிதானமான ஓங்கல்.

அவர் தடுக்கவில்லை.

கறுப்பு அங்கிக்காரனின் வாளும் மேலே இருந்தது.

யார் தோள் முதலில் அசைந்தது என்று இன்றுவரை தெரியாது. இரண்டு வெட்டும் ஒன்றாக விழுந்தன. இரண்டு பேரும் புல்லில் சாய்ந்தார்கள். காகம் கத்திக்கொண்டு பறந்தது.

இருவரும் கட்டைவிரலை உதறிக்கொண்டார்கள்.

“இது செல்லாது,” என்றார் அவர், திரையைப் பார்த்தபடியே.

“செல்லாது.”

“காபி குடிச்சிட்டு மறுபடி ஆடலாம்.”

“போட்டு எடுத்துட்டு வரேன்.”

அடுப்பில் பாலை வைத்தாள். கிரைண்டருக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்று, இரண்டு வருடமாக அழுத்தாத எண்ணை அழுத்தினாள். விரல் தடுமாறவில்லை.

நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார், என்றது போன்.

குளியலறையில் குழாய் முழு வேகத்தில் திறந்திருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒருவர் தொண்டையைச் செருமினார். செருமினார். பிறகு, பேசத் தொடங்கினார்.

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். பால் பொங்கி வந்தது. அடுப்பைச் சின்னதாக்கினாள். காபிக்கு என்ன அவசரம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் திங்கட்கிழமை சாயங்காலம் வெடித்தது. கரண்ட் வந்தது சனிக்கிழமை.